மறதிக்கு மாத்திரை வாங்கப் போகிறீர்களா? நெல்லைச் சீமைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

மறதிக்கு மருந்து கேட்டுக் கடைக்கு வருகிறவர்களில் இரண்டு வகை அதிகம். மார்ச் மாதப் பொதுத்தேர்வுக்குப் பிள்ளையைத் தயார் செய்யும் பெற்றோர் ஒரு வகை. அறுபது தாண்டிய அம்மாவோ அப்பாவோ பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறப்பதைக் கண்டு பயந்துபோன மகன், மகள் இன்னொரு வகை. இரண்டு பேருக்கும் பெரும்பாலும் ஒரே டப்பாதான் கிடைக்கிறது. இருவருக்கும் தேவை வேறு என்பதால் அந்தப் பணம் பாதிக்குப் பாதி வீண்.

சத்து மாத்திரை குறையை நிரப்பும். குறையே இல்லாத மூளையை அது கூர்மையாக்குவது அரிது. ஆகவே எதை வாங்குவது என்று யோசிக்கும் முன் எது குறைகிறது, எது கெடுக்கிறது என்று பார்க்க வேண்டும். கீழே உள்ள வரிசை அதற்காகத்தான், மாற்றாமல் போங்கள்.

ஒன்று முன்கூட்டியே. இது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வரும் மறதிக்கான வழி. காலையில் நன்றாக இருந்தவர் மத்தியானம் குழறிப் பேசினால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தொங்கினால், திடீரென ஆள் தெரியாமல் விழித்தால் உடனே 108-ஐ அழையுங்கள். பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி, அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அந்த நேரத்தில் கஷாயம் காய்ச்சிக்கொண்டிருக்கக் கூடாது.

முதலில் மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

வீட்டில் இருக்கும் மாத்திரை எல்லாவற்றையும், சளிக்கு வாங்கி மிச்சம் கிடப்பது உட்பட, ஒரு தட்டில் கொட்டுங்கள். ஒவ்வொரு அட்டையின் பின்னாலும் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கம்பெனி வைத்த பெயர் இதற்கு உதவாது.

நினைவைப் பதிய வைப்பதில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதன் வேலையைத் தடுக்கும் மருந்துகள் நம் வீடுகளில் சாதாரணமாகப் புழங்குகின்றன. சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்கும் தூக்கத்துக்கும் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாதவர்களுக்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின் ஆகியவை அந்த வகை. வயதானவர்களுக்கு இவற்றால் வரும் மந்தமும் மறதியும் இளவயதினரைவிட அதிகம். இவற்றை விழுங்கிக்கொண்டே நினைவு மாத்திரை தேடுவது, தலைமடையை அடைத்துவிட்டுக் கடைமடையில் தண்ணீர் பார்ப்பது போலத்தான்.

அல்பிரசோலம், குளோனசெபாம் போன்ற தூக்க மாத்திரைகளும் நினைவை மழுக்கும். ஆனால் வெகுநாள் சாப்பிட்டவர் இவற்றைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் தாளைக் காட்டி, அவர் சொல்லும் கணக்கில் மெதுவாகக் குறைக்க வேண்டும்.

தாளில் மெட்ஃபார்மின் இருக்கிறதா? பான்டப்ரசோல், ஒமிப்ரசோல் போன்ற வயிற்றெரிச்சல் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிடுகிறாரா? இரண்டும் பி12 என்ற வைட்டமின் உடலில் சேர்வதைக் குறைக்கும். அந்தப் பெயர்களுக்கு அடியில் ஒரு கோடு போடுங்கள். சர்க்கரைக்கு கிளிமெபிரைடு சாப்பிடுகிறவருக்கு மதியச் சாப்பாடு தள்ளிப்போன நாளில் மட்டும் குழப்பம் வருகிறது என்றால், அது சர்க்கரை இறங்குவதாக இருக்கலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே காட்டினால் அது மறதி நோய் இல்லை. மாத்திரை அளவைத் திருத்த வேண்டிய விஷயம்.

இரத்தப் பரிசோதனை: மாத்திரை தொடங்கும் முன்

இந்த வரிசையைத்தான் நிறையப் பேர் மாற்றிவிடுகிறார்கள். ஒரு வாரம் பி12 மாத்திரை போட்டுவிட்டுப் பரிசோதித்தால் இரத்த அளவு ஏறித் தெரியும்; குறை இருந்ததா என்பதே தெரியாமல் போகும். எதையும் தொடங்கும் முன் இரத்தம் கொடுங்கள்.

கேட்க வேண்டியவை: முழு இரத்த எண்ணிக்கை, பி12, தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், மூன்று மாதச் சர்க்கரை காட்டும் ஹெச்பிஏ1சி, சோடியம், சிறுநீரகத்தின் நிலை காட்டும் கிரியாட்டினின். இரத்த அழுத்தத்துக்கு நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்குச் சோடியத்தை விட்டுவிடாதீர்கள். அது இறங்கினாலே தடுமாற்றமும் குழப்பமும் வரும். முடி உதிர்வுக்கு பயோட்டின் சாப்பிடுகிறவர்கள் பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். பயோட்டின் தைராய்டு முடிவைப் பொய்யாகக் காட்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனையிலோ உங்கள் பக்கத்து மருத்துவரிடமோ சீட்டு வாங்கிச் செய்தால், முடிவைப் படித்துச் சொல்லவும் ஆள் இருக்கும்.

பி12 முடிவைப் பார்க்கும்போது அலகைக் கவனியுங்கள். மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறை. 200 முதல் 300 வரை சந்தேக எல்லை. சில ஆய்வகங்கள் லிட்டருக்குப் பிகோமோல் என்று தருகின்றன. அந்தக் கணக்கில் 200 பிகோகிராம் என்பது ஏறத்தாழ 148. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் பார்த்துப் பயப்படுவதும், நிம்மதி அடைவதும், இரண்டுமே தவறு.

கூடவே காதையும் பாருங்கள். காதில் சரியாக விழாத சொல் மனதில் எப்படி நிற்கும்?

பி12: நிஜமாகவே நினைவைத் திருப்பித் தரக்கூடியது

இந்தப் பட்டியலிலேயே செலவு குறைந்ததும் பலன் உறுதியானதும் இதுதான். ஒரே நிபந்தனை, குறை இருக்க வேண்டும்.

பி12 செடிகொடிகளில் கிடையாது. பால், தயிர், முட்டை, மீன், கறி இவற்றில்தான் உண்டு. நம் பக்கத்துச் சைவச் சாப்பாட்டு வீடுகளில் சோறும் சொதியும் குறைவில்லாமல் இருக்கும்; வயதான ஆச்சிக்குப் பால் மட்டும் காபியில் கலக்கும் அளவோடு நின்றுவிடும். கல்லீரல் பி12-ஐ வருடக்கணக்கில் சேமித்து வைத்திருப்பதால் குறை உடனே தெரிவதில்லை. தெரியும்போது பாதம் மரத்துப்போவது, நாக்கு வழவழவென்று சிவந்து எரிவது, நடையில் தடுமாற்றம், மறதி என்று சேர்ந்தே வரும்.

பழைய சோற்றிலும் சுருள்பாசி மாத்திரையிலும் பி12 நிறைய இருக்கிறது என்று சொல்பவர்கள் உண்டு. நம்பாதீர்கள். சுருள்பாசியில் இருப்பது பெரும்பாலும் நம் உடல் பயன்படுத்த முடியாத போலி வடிவம். பழைய சோறு வயிற்றுக்கு நல்லது, அதற்காகச் சாப்பிடுங்கள். பி12-க்கு அதை நம்பி இருக்க முடியாது.

அளவு எப்படி? ஒரு நாள் தேவை வெறும் 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல். மாத்திரையில் 1000, 1500 என்று ஏன் போடுகிறார்கள் என்றால், வயிற்றில் சுரக்கும் ஒரு புரதம் ஒரு வேளைக்கு 2 மைக்ரோகிராம் அளவைத்தான் பிடித்து உள்ளே அனுப்பும். அதற்கு மேல் கொடுப்பதில் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் தானாகக் கசிந்து உள்ளே போகும். 1000 மைக்ரோகிராம் விழுங்கினால் 10 போய்ச் சேரும், அது போதும். வயிற்றுப் புரதம் சுரக்காதவர்களுக்கும் இதனால்தான் பெரிய அளவு மாத்திரை வேலை செய்கிறது.

குறை உறுதியானால் வழக்கமாக நாளுக்கு 1000 முதல் 1500 மைக்ரோகிராம், மூன்று மாதம், பிறகு மறுபடி பரிசோதனை. மரத்துப்போதலும் தடுமாற்றமும் ஏற்கெனவே வந்துவிட்டவர்களுக்கு ஊசியில் தொடங்குவார்கள். அதைத் தட்டிக் கழிக்க வேண்டாம். வெகுநாள் ஆறப்போட்ட நரம்புச் சேதம் முழுவதும் திரும்பாது. பி12-இன் இரண்டு வடிவங்களான மீத்தைல்கோபாலமினா சயனோகோபாலமினா என்ற விவாதத்தில் நேரத்தைக் கழிக்காதீர்கள், சாதாரணக் குறைக்கு இரண்டும் வேலை செய்யும்.

இப்போது ஒரு பி12 மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். ‘மீத்தைல்கோபாலமின் 1500 மைக்ரோகிராம், ஆல்ஃபா லிபோயிக் அமிலம் 100 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 1.5 மில்லிகிராம், பைரிடாக்சின் 3 மில்லிகிராம்’ என்ற மாதிரி இருக்கும். நமக்கு வேண்டியது முதல் வரி மட்டும். ஆல்ஃபா லிபோயிக் அமிலம் சிலருக்கு வயிற்றைப் புரட்டும், சர்க்கரையையும் இறக்கலாம். பைரிடாக்சின் என்பது பி6. 3 மில்லிகிராம் ஒன்றும் செய்யாது; ஆனால் 100 மில்லிகிராம் மாத்திரைகளும் கடையில் உண்டு. அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் கை கால் மரத்துப்போகலாம். பி12 குறையும் இப்படித்தான் காட்டும் என்பதால், இன்னும் சத்துப் போதவில்லை என்று நினைத்து அதையே கூட்டிச் சாப்பிடுகிறவர்கள் உண்டு. ஃபோலிக் அமிலத்தை மட்டும் தனியாகப் பெரிய அளவில் சாப்பிடுவதும் ஆபத்து. இரத்தச்சோகை சரியாகி முகம் தெளிந்துவிடும். உள்ளே பி12 குறையால் நரம்பு தேய்ந்துகொண்டே இருக்கும்.

இரும்புச்சத்து குறைந்திருந்தால் அந்த மாத்திரையை டீ, காபியோடு விழுங்காதீர்கள்; முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். எலுமிச்சைச் சாற்றோடு எடுத்தால் நன்றாகச் சேரும். தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நடுவே நாலு மணி நேரம் விடுங்கள். இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை சேராது, மந்தமும் மறதியும் அப்படியே நிற்கும்.

குடிப்பழக்கம் உள்ளவருக்கு மறதி என்றால் கதை வேறு. அங்கே அவசரமாகத் தேவைப்படுவது பி1. அதை மருத்துவமனையில் ஊசியாகத்தான் தொடங்க வேண்டும்.

சாளையும் முட்டையும்

மூளையின் கொழுப்பில் முக்கியமானது டிஹெச்ஏ என்ற ஒமேகா-3. உவரி, இடிந்தகரை, கூட்டப்புளிக் கரையில் இறங்கும் சாளையிலும் அயிலையிலும் அது தாராளம். பருவத்துக்குப் பருவம் மாறினாலும் 100 கிராம் சாளையில் ஒமேகா-3 ஏறத்தாழ 1 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். ‘1000 மில்லிகிராம்’ என்று பெரிதாகப் போட்ட சாதாரண மீன் எண்ணெய் மாத்திரையின் பின்பக்கம் பாருங்கள்: ஈபிஏ என்ற இன்னொரு ஒமேகா-3 180, டிஹெச்ஏ 120, ஆக 300 மில்லிகிராம். மிச்சம் வெறும் எண்ணெய். ஆகவே வாரம் இரண்டு நாள் சாளைக் குழம்பு வைக்கும் வீட்டுக்கு மாத்திரை தேவையில்லை. எண்ணெயில் முறுகப் பொரிப்பதைவிடக் குழம்பு மேல்.

மீன் எண்ணெய் மாத்திரை மறதியை நிறுத்தும் என்று பெரிய ஆய்வுகள் காட்டவில்லை. மீனே தொடாதவருக்கு மட்டும் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. சைவர்களுக்குப் பாசியிலிருந்து எடுத்த டிஹெச்ஏ கிடைக்கிறது. ஆளிவிதை நல்ல உணவு, ஆனால் அதில் இருக்கும் ஒமேகா-3 டிஹெச்ஏவாக மாறுவது மிகச் சொற்பம். மீன் எண்ணெய் வாங்கினால் ஒன்றைக் கடித்துப் பாருங்கள். மீன் வாடை அடிக்கலாம்; காறல் அடித்தால் எண்ணெய் கெட்டுவிட்டது. நம் ஊர் மே மாத வெயிலில் மேசை மேல் வைத்த டப்பா சீக்கிரம் காறிவிடும், குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகும் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

அசிட்டைல்கோலின் உண்டாகக் கோலின் வேண்டும். ஒரு முட்டையில் 150 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, முழுக்க மஞ்சள் கருவில். கொழுப்புக்குப் பயந்து வெள்ளையை மட்டும் சாப்பிட்டால் அது கிடைக்காது.

நீர்ப்பிரமியும் வல்லாரையும்

பெயர்க் குழப்பத்தால் பணம் போவது இங்கேதான். ‘பிரமி’ என்று கேட்டால் ஒரு கடையில் நீர்ப்பிரமி தருவார்கள், இன்னொரு கடையில் வல்லாரை தருவார்கள். இரண்டும் வேறு வேறு செடி. நினைவு பற்றிய மனித ஆய்வுகள் அதிகம் நடந்தது நீர்ப்பிரமியில்தான். நாட்டு மருந்துக் கடையில், “அண்ணாச்சி, நீர்ப்பிரமி தாங்க, வல்லாரை இல்ல” என்று தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள்.

பச்சையாகப் பார்த்தால் குழப்பமே வராது. நீர்ப்பிரமி, பிசான நெல் பருவத்துக்குத் தண்ணீர் பாயும் வயல்களின் வரப்போரத்தில், ஈரத்தோடு ஈரமாகப் படரும். இலை சுண்டுவிரல் நகத்தைவிடச் சற்று நீளம், தடிப்பாக, காம்பில்லாமல் எதிரெதிரே இருக்கும். கிள்ளி வாயில் வைத்தால் நல்ல கசப்பு. பூ வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ, ஐந்து இதழோடு இருக்கும். வல்லாரைக்கு நீண்ட காம்பின் நுனியில் சிறுநீரக வடிவ இலை, ஓரம் வளைவு வளைவாக வெட்டியது போல. தரையில் ஓடும் தண்டின் ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். எலிக்காது இலை என்ற செடியை வல்லாரை என்று பறித்து வருவதுண்டு. அதற்குப் பூ மஞ்சள். வட்ட இலையின் நட்ட நடுவில் காம்பு சேர்ந்திருந்தால் அது தொட்டியில் வளர்க்கும் அலங்காரச் செடி.

எங்கே பறிக்கிறோம் என்பதும் முக்கியம். இந்த நீர்ச் செடிகள் தண்ணீரில் உள்ள ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். ஊருக்குள் சாக்கடை கலந்து ஓடும் வாய்க்கால் ஓரத்தில் எவ்வளவு செழிப்பாக இருந்தாலும் பறிக்காதீர்கள். ஒரு மண்தொட்டியில் தண்டை ஊன்றி, அரை நிழலில், தினம் தண்ணீர் விட்டால் வீட்டிலேயே வரும்.

ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுத்தது, அந்தச் செடியின் முக்கிய வேதிப்பொருளான பேக்கோசைடு 50 சதவீதம் அளவுக்குத் தரப்படுத்திய நீர்ப்பிரமிச் சாறு, நாளுக்கு 300 மில்லிகிராம், 12 வாரம். கற்றதை மறக்கும் வேகம் சற்றுக் குறைந்தது, அவ்வளவுதான். ‘பிரமி 500 மில்லிகிராம்’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சாதாரண இலைப் பொடியாகவும் இருக்கலாம். 300 மில்லிகிராம் சாறு பல கிராம் காய்ந்த இலைக்குச் சமம் என்பதால் இந்த வித்தியாசம் சிறியதல்ல. 12 வாரக் கணக்கைப் பார்த்தால் இன்னொன்றும் புரியும்: பிப்ரவரியில் வாங்கி மார்ச் தேர்வுக்குக் கொடுப்பதில் அர்த்தமே இல்லை. அந்தப் பிள்ளைக்கு இரவு எட்டு மணி நேரத் தூக்கமும், சோகை இருந்தால் இரும்புச்சத்தும் செய்வதை எந்த சிரப்பும் செய்யாது.

வெறும் வயிற்றில் நீர்ப்பிரமி வயிற்றை முறுக்கும், அடிக்கடி வெளிக்குப் போக வைக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு பாலோடு எடுங்கள். நாடித்துடிப்பு மெதுவாக உள்ளவர்கள், மறதி நோய்க்கு டோனபெசில் சாப்பிடுகிறவர்கள், தைராய்டு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் தாமாகத் தொடங்கக் கூடாது. சித்த முறையில் எடுக்க விரும்பினால் பாளையங்கோட்டையிலேயே 1964-இல் தொடங்கிய அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் அதன் மருத்துவமனையும் இருக்கின்றன. இப்படி ஒன்று பக்கத்தில் இருக்கும்போது அளவை யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியில் தேடுவது வருத்தமான விஷயம்.

வல்லாரையை உணவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கைப்பிடி இலையை மூன்று தண்ணீரில் அலசி, நல்லெண்ணெயில் உளுந்து, வத்தல், கொஞ்சம் புளியோடு வதக்கி, தேங்காய் சேர்த்துத் துவையல். வாரம் ஒரு நாள், இரண்டு நாள் போதும். மாத்திரையாக வெகுநாள் சாப்பிட்டவர்களில் அபூர்வமாகக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது.

‘மூலிகைதானே, என்ன செய்யும்?’ என்பவர்களுக்கு நம் மாவட்டத்தின் பெயரையே சொல்லலாம். ‘டின்னவெல்லி சென்னா’ என்று உலகம் முழுக்க மருந்துக்கடையில் விற்பது நம் கரிசல் காட்டு நிலாவாரை. அளவு தாண்டினால் அது வயிற்றைக் கழுவிப் பொட்டாசியத்தை இறக்கிவிடும். அதற்கு அளவு உண்டென்றால் நீர்ப்பிரமிக்கும் உண்டு.

வாங்க வேண்டாதவை

ஜிங்கோ (ஒரு மரத்தின் இலைச் சாறு): 75 வயது தாண்டிய 3000-க்கும் மேற்பட்டவர்களுக்கு, தினம் இருவேளை 120 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவு 2008-இல் வந்தது. மறதி நோயை அது தடுக்கவில்லை. இரத்தம் கட்டாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவருக்கு இரத்தக் கசிவு அபாயம் வேறு.

மூளையை அமைதிப்படுத்தும் வேதிப்பொருள் என்று விற்கும் காபா மாத்திரை மூளைக்குள் போய்ச் சேருவது மிகக் குறைவு. பூனைக்காலி விதையில், பார்க்கின்சன் நோய்க்கு மருந்தாகத் தரும் எல்-டோபா இருக்கிறது. பார்க்கின்சன் மருந்தோ மனநல மருந்தோ சாப்பிடுகிறவர் தொடவே கூடாது. மனச்சோர்வு மாத்திரையோடு, உடலில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளாக மாறும் 5-ஹெச்டிபி சேர்த்தால் செரட்டோனின் எல்லை மீறி, நடுக்கம், காய்ச்சல், குழப்பம் என்று உயிருக்கே ஆபத்தாகலாம். அமுக்கரா (அஸ்வகந்தா) சிலருக்குத் தூக்கத்துக்கு உதவும். ஆனால் தைராய்டு ஹார்மோனை ஏற்றலாம், கல்லீரலைக் கெடுத்ததாகவும் பதிவுகள் உண்டு.

பச்சிளங்குழந்தைக்குப் பேச்சும் புத்தியும் வர வசம்பைச் சுட்டு நாக்கில் தடவும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். அதில் உள்ள பீட்டா-அசரோன் விலங்குகளில் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை செய்தது.

டப்பாவில் பார்க்க வேண்டியது

உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ-யின் 14 இலக்க எண் இருந்தால் அது சட்டப்படி உணவு. ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வரியும் ஆங்கிலத்தில் இருக்கும். அதில் சத்துகள் பெரும்பாலும் அன்றாடத் தேவை அளவில்தான் இருக்கும், ஆகவே பி12 குறையை நிரப்ப அதை நம்பாதீர்கள். சித்த மருந்து என்றால் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், காலாவதித் தேதி மூன்றும் வேண்டும். ‘தனிக் கலவை’ என்று போட்டு ஒவ்வொரு பொருளின் அளவையும் மறைத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உலோகம், தாதுக்களைப் புடம் போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் கலந்ததைப் பதிவு பெற்ற மருத்துவர் எழுதித் தராமல் தொட வேண்டாம்.

ஒரு நேரத்தில் ஒன்று, ஒரு நோட்டு

மூன்று மாத்திரையை ஒரே நாளில் தொடங்கினால் எது உதவியது, எது வயிற்றைக் கெடுத்தது என்று தெரியாது. ஒன்றைத் தொடங்கி 12 வாரம் பாருங்கள்.

அளக்க எளிய வழி இது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பத்துச் சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்: அரிவாள், குத்துவிளக்கு, பனங்கிழங்கு, சைக்கிள், தலையணை, நாரத்தை, திண்ணை, கண்ணாடி, உழக்கு, மயில். இரண்டு விநாடிக்கு ஒன்றாக வாசியுங்கள். இருபது நிமிடம் வேறு பேச்சுப் பேசிவிட்டு, எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்டு எண்ணை எழுதுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, எப்போதும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு. ஒவ்வொரு முறையும் புதுப் பட்டியல் வேண்டும். பழையதையே கேட்டால் பட்டியல் மனப்பாடமாகி எண் பொய்யாக ஏறும். கூடவே அந்த வாரம் சாவி தேடியது எத்தனை முறை, மாத்திரை மறந்தது எத்தனை முறை, இரவு எத்தனை மணி நேரம் தூங்கினார் என்றும் குறியுங்கள். பரீட்சை மாதிரி அதட்டிக் கேட்காதீர்கள். பயத்தில் தெரிந்ததும் வராது.

12 வாரத்தில் எண்ணும் அசையவில்லை, வீட்டில் இருப்பவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள். பி12 மட்டும் இதற்கு விலக்கு. அதை நிறுத்துவதும் தொடர்வதும் இரத்த அளவைப் பார்த்துத்தான். எண் இறங்கிக்கொண்டே போனாலோ, தெரிந்த தெருவிலேயே வழி தவறினாலோ, பணக் கணக்குத் தடுமாறினாலோ 12 வாரம் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். போகும்போது இந்த நோட்டு, முதலில் எழுதிய மருந்துத் தாள், காலி அட்டைகள் மூன்றையும் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள். கண்புரை, பல், குடலிறக்கம் என்று எந்த அறுவைச் சிகிச்சைக்குத் தேதி குறித்தாலும் மீன் எண்ணெய், மூலிகை மாத்திரை எடுப்பதை இரண்டு வாரம் முன்பே சொல்லிவிடுங்கள். ‘வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்று கேட்கும்போது இதெல்லாம் கணக்கில் வராது என்று நினைத்து ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறவர்கள் அதிகம்.